வேலையாய் நடப்பவர்களுக்கு அனுமதி இல்லை

ஒரு வரைபடத்தை நான் கையில் பிடித்த விதத்தில் நேர்ந்த கோளாறுதான் எல்லாவற்றுக்கும் காரணம். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஏனென்றால் இதை ஒப்புக்கொள்வதற்காக ஏழு மாதம் படியேறி இறங்கியும் புதுச்சேரியில் ஓர் அதிகாரியும் வாங்கிக்கொள்ளவில்லை.

என் பெயர் பலராமன். பெரிய மார்க்கெட்டுக்குப் பின்சந்தில் போர்டு எழுதுகிறவன். ஜவுளிக்கடை, சைக்கிள் கடை, கல்யாண வாழ்த்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் எழுதுவேன். என் எழுத்து கோணாது. மற்றதெல்லாம் கோணும். என் மனைவி ஜெயத்தை விசாரித்தால் முழுப் பட்டியல் கிடைக்கும்.

எழுபத்தொன்பதாம் வருஷம் வன உல்லாச நடைபாதை இலாகா என்று ஒன்று புதிதாக முளைத்தது. கடற்கரைப் பக்கம் ஒரு பழைய பிரெஞ்சு வீட்டின் மாடியில் ஆபீஸ். நாற்காலிகள் வந்து, ஆட்கள் வந்து, கடைசியில்தான் வனம் எங்கே என்று தேடினார்களாம். கோரிமேட்டுக்கு மேற்கே சர்க்காருக்குச் சொந்தமாகச் சவுக்கும் முந்திரியும் மண்டிய ஒரு காடு அகப்பட்டது. குறுக்கே நடந்தால் கால்மணி நேரம். அதற்குள் நான்கு போர்டுகள் நடச் சொல்லி எனக்கு உத்தரவு வந்தது.

ஒன்று: வருக, இயற்கை நடைபாதை இங்கே ஆரம்பம். இரண்டு: இளைப்பாறும் இடம். மூன்று: பொது வழி, ஊரார் போய்வரலாம். நான்கு: அபாயம், இதற்கு மேல் யாரும் செல்லக் கூடாது. எல்லாம் தமிழிலும் பிரெஞ்சிலும். ஒவ்வொன்றும் கதவு அகலம், இரண்டிரண்டு சவுக்குக் கால்கள்.

கூடவே ஒரு வரைபடமும் கொடுத்தார்கள். நான் அதைப் பார்க்கவேண்டிய மாதிரி பார்த்தேன். மேல்பக்கம் வடக்கு என்று பள்ளிக்கூடத்தில் அடித்துச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். வாங்கிய அடி வீண்போகக் கூடாது என்று தாளின் மேல்பக்கத்தை வடக்கே பிடித்துக்கொண்டு, இரண்டு ஆட்களோடு நடந்து நடந்து நட்டேன்.

சந்தேகமே வரவில்லை என்று சொல்லமாட்டேன். ‘வருக’ போர்டு தெற்கே செம்மண் பள்ளத்தின் விளிம்பில் வந்தது. இரண்டு எட்டு வைத்தால் இருபதடி கீழே. ‘இளைப்பாறும் இடம்’ கிழக்கே ரோட்டோரச் சாராயக்கடைக்கு நேர் எதிரே வந்தது. ‘பொது வழி’ வடக்கே ஏரிக்குள் வந்தது. முழங்கால் தண்ணீரில் நின்றுதான் குழி தோண்டினோம். சர்க்கார் படகு விடப்போகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ‘அபாயம்’ மேற்கே, அங்கே இருந்த ஒரு குடியிருப்பிலிருந்து காட்டுக்குள் நுழைகிற ஒற்றையடிப் பாதையின் வாயில் வந்தது. பெரியவர்களுக்குத் தெரியாததா என்று கால்களைக் கெட்டித்து மண்ணைத் தட்டிவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் திறப்பு விழா. இயக்குநர் ரிப்பனை வெட்டி ஓர் எட்டு வைத்தார். கீழே பள்ளம் தெரிந்தது. எடுத்த காலை அப்படியே வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். பின்னால் நின்ற அதிகாரிகளும் ஆளுக்கொரு காலைத் தூக்கியபடி நின்றார்கள். பிறகு அவர் திரும்பி நின்று பேசினார்.

“நம் மக்கள் நிறைய நடக்கிறார்கள். ஆனால் எதற்காக நடக்கிறார்கள்? எங்காவது போவதற்காக நடக்கிறார்கள். இது வருந்தத்தக்கது. எங்கேயும் போகாமல் நடப்பது எப்படி என்பதை இந்த இலாகா அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும். நான் இந்த இலாகாவுக்கு வந்து ஏழு மாதமாகிறது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.”

கைதட்டல் பள்ளத்தில் பட்டு இரண்டு தடவை கேட்டது. அப்படியே போர்டுகள் சொன்ன வழியில் ஊர்வலம் போனது. ஏரியில் மட்டும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். இளைப்பாறும் இடத்தில் கொஞ்சம் அதிகமாகவே இளைப்பாறினார்கள்.

மூன்றாம் நாள் காலை என் கடை வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். முப்பது, முப்பத்தைந்து வயது இருக்கும். கால் முழுக்கச் செம்மண் புழுதி.

“பலராமன் ஆர்ட்ஸ் யாரு?”

“நான்தான். இன்னா எழுதணும்?”

“எழுதின வரைக்கும் போதும். அபாயம்னு எழுதி எங்க வழியில நட்டுட்டு வந்திருக்கீங்களே, அங்க இன்னா அபாயம்? நானும் பொறந்ததுலேர்ந்து நடக்குறேன். ஒரு ஓணான்கூட என்னை ஒண்ணும் பண்ணல.”

போர்டின் அடியில் சின்ன எழுத்தில் என் கடைப் பெயரும் விலாசமும் எழுதிவைப்பது எங்கள் தொழிலில் வழக்கம். நாலு பேர் பார்த்துத் தேடி வரவேண்டும் என்பதற்காக. அந்த விளம்பரத்துக்கு வந்த முதல் ஆள் இவள்.

அவள் பெயர் செல்வாம்பாள். புருஷன் முருகையன் மில்லில் வேலை பார்த்தவன். காலில் ஆறாத புண். கோரிமேட்டில் பெரிய ஆஸ்பத்திரியில் ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டுப் போட்டாகவேண்டும். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு காட்டைக் குறுக்கே தாண்டிவிடுவான். இப்போது இலாகா ஒரு காவல்காரனை அங்கே உட்காரவைத்துவிட்டது. சுற்றிப்போனால் மூன்று மைல். பஸ் ஏறுவதென்றாலும் காட்டைத் தாண்டித்தான் ஏறவேண்டும்.

“கட்டு விட்டுப்போச்சுன்னா பாதத்தை எடுத்துடுவேன்றாரு டாக்டரு” என்றாள். “வெரலு போயி பாதத்துக்கு வந்திருக்கு கணக்கு.”

“கவலைப்படாத. இன்னைக்கே ஆபீஸ்ல சொல்லி எடுத்துடுறேன்” என்றேன். எழுதத் தெரிந்தவன் சொன்னதை அவள் நம்பினாள். நானும் நம்பினேன்.

மாடியில் வரைபடம் போடுகிறவர் முசியே அந்துவான். பிரெஞ்சுக்காரன் காலத்திலேயே உத்தியோகத்தில் சேர்ந்தவர், அதனால் ‘ஐயா’வுக்குப் பதில் ‘முசியே’. தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“இது பழைய பிரெஞ்சுத் தாளைப் பார்த்து நான் வரைஞ்சது. அவன் கப்பல்ல வந்தவன். கப்பல்ல நின்னு பார்த்தா கடல் காலடியில, ஊரு தலைக்கு மேல. அதனால இதுல மேல இருக்கறது மேற்கு.”

“முன்னாடியே சொல்லக் கூடாதா முசியே?”

“நீ கேக்கல. நான் சொல்லல. ஓய்வுக்கு இன்னும் நாலு மாசம்தான் இருக்கு எனக்கு” என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

நான்கு போர்டும் கால்வட்டம் திரும்பி நிற்கின்றன. பள்ளத்துக்கு எழுதிய ‘அபாயம்’ குடியிருப்பு வழியில். குடியிருப்பு வழிக்கு எழுதிய ‘பொது வழி’ ஏரியில். நேரே சூப்பிரண்டு ராமலிங்கத்தின் மேஜைக்குப் போனேன்.

“சார், ஒரு தப்பு நடந்துபோச்சு. நான் போர்டுங்கள மாத்தி நட்டுட்டேன்.”

“எதுக்கு மாத்தி?”

“பிளானுக்கு.”

“பழைய பிளானா, புதுப் பிளானா?”

“புதுசு ஒண்ணு இருக்கா சார்?”

“டைரக்டர் நடந்து முடிச்ச அன்னைக்குச் சாயங்காலமே பிளானைத் திருத்திக் கையெழுத்து வாங்கியாச்சு. புதுப் பிளான்படி நீங்க நட்டது அத்தனையும் சரியான இடத்துல இருக்கு. ஒரு அங்குலம் பிசகல. பாராட்டிக் கடிதம்கூட டைப் ஆயிட்டிருக்கு.”

“சார், ஏரிக்குள்ள பொது வழின்னு நிக்குது.”

“புதுப் பிளான்ல ஏரி அங்க இல்ல.”

“ஆனா காட்டுல இருக்கே சார்.”

ராமலிங்கம் என்னை இரக்கத்தோடு பார்த்தார். “காட்டுல இருக்கறதெல்லாம் வேற செக்‌ஷன்.”

போர்டை எடுக்கவேண்டுமானால் தப்பு நடந்ததாகப் பதிவு வேண்டும். தப்பு நடந்ததாகப் பதிந்தால் டைரக்டர் தப்பான வழியில் நடந்ததாக ஆகும். டைரக்டர் அப்படி நடக்கக்கூடியவர் அல்ல. ஆகவே தப்பு நடக்கவில்லை. இதை அவர் மூன்று தடவை பொறுமையாக விளக்கினார். மூன்றாவது தடவை எனக்கே நான் ஒரு பொய்யன் என்று தோன்ற ஆரம்பித்தது.

பாராட்டோடு விடவில்லை. ஆபீஸ்வரை வந்து அக்கறையாக விசாரித்த ஒரே ஆள் என்று என்னை நடைபாதை ஆலோசனைக் குழுவில் பொதுமக்கள் பிரதிநிதியாகப் போட்டுவிட்டார்கள். புதன்கிழமைதோறும் கூட்டம். வரமாட்டேன் என்றேன். விலகுவதற்கான படிவம் இன்னும் அச்சாகவில்லை, அதுவரை உறுப்பினர்தான் என்றார்கள்.

அதற்குள் செல்வாம்பாளுக்கு வாக்குக் கொடுத்துத் தொலைத்திருந்தேனே. போர்டு எடுக்கிறவரைக்கும் முருகையனை என் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து மூன்று மைலும் நானே மிதித்தேன். கேரியரில் ஒரு சாக்கை மடித்துப்போட்டு, காலைக் கிடைமட்டமாகத் தாங்க ஒரு பழைய போர்டுப் பலகையைக் கட்டினேன். அதில் ‘குலோப்ஜான்’ என்று எழுதியிருந்தது.

“மெதுவா மிதிங்க பெயிண்டரே” என்பான். “அவசரம் இல்ல. நமக்குத்தான் மில்லும் இல்ல, ஊதற சங்கும் இல்ல.” ரோட்டுக் குழியில் சக்கரம் இறங்கும்போது மட்டும் பேச்சு நின்றுவிடும். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது கட்டு நனைந்திருக்கும்.

இதற்கிடையில் இலாகா பொதுமக்களின் குறையை உணர்ந்து ஓர் ஏற்பாடு செய்தது. அனுமதிச் சீட்டு. அதை வாங்கினால் அபாயம் போர்டைத் தாண்டி நடக்கலாம். படிவத்தில் ஒரு கேள்வி: நடப்பதன் நோக்கம். செல்வாம்பாள் சொல்ல நான் எழுதினேன்: ஆஸ்பத்திரிக்குப் போக. ஒரு வாரத்தில் திரும்பிவந்தது. ‘இது உல்லாச நடைபாதை. வேலையாய் நடப்பவர்களுக்கு அனுமதி இல்லை.’

“சும்மா நடக்கறேன்னு எழுதிடுங்க. பொழுது போவ மாட்டேங்குதுன்னு எழுதுங்க. அது நெசம்தான்” என்றான் முருகையன்.

எழுதினேன். சீட்டும் வந்துவிட்டது. அன்று சாயங்காலம் குடியிருப்பில் எனக்கு டீயெல்லாம் வாங்கிக்கொடுத்தார்கள். மறுநாள் விடிந்ததும் மூன்று பேரும் போர்டுக்குப் போனோம். காவல்காரன் பக்கிரி சீட்டை வாங்கி, எழுத்துக்கூட்டி முழுசாகப் படித்தான்.

“உல்லாசமா நடக்கறவங்கன்னு போட்டிருக்கு. இவரு உல்லாசமா தெரியலியே.”

“கால்ல புண்ணுய்யா. எப்படி உல்லாசமா இருப்பாரு?” என்றேன்.

“நான் இன்னா பண்றது பெயிண்டரே? மொகத்தைப் பார்த்துதான் உடணும்னு உத்தரவு. மூட்டை, கூடை, தூக்கு ஒண்ணும் கையில இருக்கக் கூடாது. வேகமா நடக்கக் கூடாது. நடுநடுவுல நின்னு மரத்தைப் பாக்கணும்.”

“இன்னா மரம்?” என்றாள் செல்வாம்பாள்.

“எதுவோ ஒரு மரம். நீ பாரேன், எனக்கு இன்னா?”

முருகையன் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்துக்காட்டினான். பக்கிரி பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனும் ஈரமில்லாதவன் அல்ல. “போங்க” என்றுவிட்டான். நாங்கள் இருபதடி போவதற்குள் செல்வாம்பாளின் கையில் இருந்த ஆஸ்பத்திரிச் சீட்டு அவன் கண்ணில் பட்டுவிட்டது. “யம்மா, யம்மா! அது வேலைத் தாளும்மா!” என்று ஓடிவந்தான். “என் வேலைக்கு உலை வெச்சிடாதீங்க. எனக்கும் ரெண்டு பொட்டப்புள்ளைங்க இருக்கு.”

அனுமதிச் சீட்டை வாங்கிக்கொண்டு, ஆஸ்பத்திரிச் சீட்டை மரியாதையாகத் திருப்பிக்கொடுத்தான். செல்வாம்பாள் குனிந்து போர்டுக் காலின் அடிமண்ணைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது.

“வேணாம்மா. கேஸ் போட்டுருவாங்க. குழுவுல நானே இருக்கேன். இந்தப் புதன்கிழமை பேசி முடிச்சுடறேன். பொறு” என்றேன்.

பொறுத்தாள்.

அந்தப் புதன்கிழமை புள்ளிவிவரம் படித்தார்கள். நடைபாதையின் ஆரம்பத்தை மூன்று மாதத்தில் உபயோகித்தவர்கள் ஒரு மாடும் ஒரு கன்றும். இரண்டும் உயிரோடு மீட்கப்பட்டன. பொது வழியை உபயோகித்தவர்கள்: கொக்குகள். இளைப்பாறும் இடத்தை உபயோகித்தவர்கள்: பதினோராயிரத்து நானூறு பேர். இயக்குநர் நெகிழ்ந்துபோனார்.

“அலுப்புற்ற மக்கள் எந்த அளவுக்கு இயற்கையைத் தேடுகிறார்கள் பாருங்கள். சிலர் அங்கிருந்து எழுந்து போகவே மனமில்லாமல் அங்கேயே படுத்துவிடுகிறார்களாம். இதைவிட இந்த இலாகாவுக்கு என்ன வேண்டும்?”

நான் எழுந்தேன். “சார், அந்த நாலாவது போர்டு...”

“சொல்லுங்கள். அதுதான் நம் மிகப் பெரிய வெற்றி. அபாயம் என்று வைத்த நாளிலிருந்து அங்கே ஒரு விபத்துகூட இல்லை.”

“வைக்கறதுக்கு முன்னாடியும் இல்ல சார்.”

“முன்னாடி கணக்கெடுக்கவில்லையே.”

கூட்டம் இருட்டும்வரை நீண்டது. அது முருகையனின் கட்டு நாள். கூட்டம் காலையில் முடிந்துவிடும் என்று சொல்லியிருந்தார்கள். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனபோது அவன் சட்டை மாட்டிக்கொண்டு, தலை சீவி, கதவருகே அப்படியே உட்கார்ந்திருந்தான். “காலைலேருந்து உக்காந்திருக்கேன் பெயிண்டரே. பொழுது போயிடுச்சு பாருங்க” என்றான்.

இப்படி ஒன்றல்ல, அஞ்சாறு கட்டு விட்டுப்போனது. புதன்கிழமைக் கூட்டம் போதாதென்று வெள்ளிக்கிழமை உபகுழுவும் வைத்தார்கள். நான் கத்தினேன், கெஞ்சினேன். கடைசியில் ஸ்தலத்துக்கே வந்து பார்த்து முடிவு சொல்வதாக ஏற்பாடாயிற்று. குடியிருப்பே திரண்டு நின்றது.

இரண்டு ஜீப்பில் வந்தார்கள். போர்டுக்கு முன்னால் ஜீப் நின்றது. இயக்குநர் இறங்கிவந்து போர்டைப் படித்தார். தமிழைப் படித்தார், பிரெஞ்சைப் படித்தார்.

“யாரும் செல்லக் கூடாது என்றிருக்கிறதே.”

“ஆமாம் சார்” என்றார் ராமலிங்கம்.

“நாமே வைத்ததை நாமே மீறினால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்?”

“நாம உள்ள போய்ப் பாக்கறதுக்கு அனுமதி கேட்டு எழுதலாம் சார்.”

“யாருக்கு?”

“உங்களுக்குத்தான் சார்.”

இயக்குநர் யோசித்தார். “எழுதுங்கள். வந்ததும் பரிசீலிக்கிறேன்.”

ஜீப்பின் முன்பக்கத்திலேயே வைத்து ராமலிங்கம் எழுதினார். இயக்குநர் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அங்கேயே கையெழுத்துப் போட்டால் அவசரப்பட்டதாக ஆகுமாம். இரண்டு ஜீப்பும் வந்த வழியே திரும்பிப் போயின. புழுதி அடங்கியபோது குடியிருப்பு ஜனம் முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. போர்டின் அடியில் என் கடை விலாசம் வெயிலில் பளபளத்தது. அந்த மாதம்தான் பராமரிப்புக்காக அதற்குப் புதுப் பெயிண்ட் அடித்திருந்தேன். உத்தரவு அப்படி.

இதற்குப் பதினேழு நாள் கழித்து எனக்கு ஒரு கவர் வந்தது. உள்ளே இலாகாவின் இறுதி முடிவு. அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த தெரு மணியம்மாள் வந்து, மார்க்கெட்டில் கேள்விப்பட்டதைச் சொன்னாள். முருகையனுக்கு நேற்றிலிருந்து காய்ச்சலாம். யாரோ மாட்டுவண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், கட்டுப் போட்டு, ராத்திரியே திரும்பக் கொண்டுவந்து விட்டார்களாம். பாதத்துக்கு இன்னும் பத்து நாள் தவணையாம். தினம் காலையில் கட்டுப் போட வந்தால் வைத்துக்கொள்ளலாம், ஒருநாள் விட்டாலும் எடுத்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

சைக்கிளை மிதித்துக்கொண்டு ஓடினேன். போர்டுக்கு முன்னால் செல்வாம்பாள் நின்றுகொண்டிருந்தாள். சேலையை வரிந்து கட்டியிருந்தாள். கையில் கடப்பாரை. போர்டின் ஒரு காலைச் சுற்றி முழ ஆழத்துக்குத் தோண்டியாகிவிட்டது. முருகையன் ஒரு முந்திரி மரத்தில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தான். பக்கிரி கொஞ்ச தூரத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு மரத்தை மிகவும் உல்லாசமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இரும்மா, லெட்டர் வந்திருக்கு” என்றேன், மூச்சிரைக்க.

“படிங்க” என்றாள், தோண்டுவதை நிறுத்தாமல்.

படித்தேன். “‘மேற்படி பலகை நடப்பட்டதில் தவறு ஏதும் நிகழவில்லை. தவறு நிகழ்ந்ததாகத் தொடர்ந்து கூறிவரும் உறுப்பினரின் மனநலம் குறித்து இலாகா கவலை கொள்கிறது. எவர் மீதும் எவ்விதப் பொறுப்பும் இல்லையென இத்துடன் கோப்பு மூடப்படுகிறது.’”

கடப்பாரை மண்ணில் இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. என்னை விட்டுவிட்டார்கள். ஏழு மாதமாக நான் சுமந்துகொண்டு அலைந்ததை முத்திரை குத்தி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சந்தோஷமாகத்தான் இருந்திருக்கவேண்டும். நான் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

“செல்வாம்பா, நீயாச்சும் சொல்லு. முசியேகிட்ட கேட்டேன், சூப்பிரண்டுகிட்ட கேட்டேன், டைரக்டர்கிட்ட கேட்டேன். ஒருத்தனும் சொல்ல மாட்டேங்குறான். இது யாரு மேல தப்பு?”

அவள் நிமிர்ந்தாள். முன்னங்கையால் நெற்றி வியர்வையை வழித்துவிட்டு என்னை நேராகப் பார்த்தாள்.

“உங்க மேலதாண்ணே. நட்டதும் நீங்க, பொறு பொறுன்னு என் கையைக் கட்டிப்போட்டதும் நீங்க. வேற யாரு மேல? எழுந்து வந்து அந்தப் பக்கத்துக் காலைப் புடிங்க.”